எச்சரிக்கை: எப்பாக்ஸி என்று சொல்லி வெள்ளைச் சிமெண்டைப் பூசி, 20,500 ரூபாய் வாங்கிச் சென்றுவிட்டார்கள்

நேற்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை நடுங்கியதால் நான்கு வரிக்கு மேல் போகவில்லை. இன்று விடிந்ததும் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜ நகர், கே.டி.சி. நகர்ப் பக்கம் குடியிருப்பவர்களும், டைல்ஸ் தரையில் இடுக்குகள் கறுத்துப் போனதைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். எப்பாக்ஸி என்பது டைல்ஸ் இடுக்கை நிரப்புகிற, கறை பிடிக்காத பிசின் கலவை. அதைப் போடுவதாகச் சொல்லி என்னிடமிருந்து வாங்கியது 20,500 ரூபாய். அது என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. எப்படி ஏமாந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு 2011-இல் கட்டியது. கூடம், சாப்பாட்டு அறை, சமையலறை மூன்றுக்கும் சேர்த்து 600 சதுர அடியில் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்திருக்கிறோம். தந்த நிற டைல்ஸ்; இடுக்குகளிலும் அதே நிறத்தில் சிமெண்டு கிரவுட், அதாவது இடுக்கை அடைக்கிற சிமெண்டுக் கலவை. முதல் நான்கைந்து ஆண்டுகள் தரை ஒரே பலகை போல இருந்தது. பிறகு இடுக்குகள் சாம்பல் நிறமாகி, பழுப்பாகி, சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே முழுக் கறுப்பாகிவிட்டன. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, தரை துடைப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைத்தான் எங்கள் தெருவில் எல்லோரும் பயன்படுத்துகிறோம். இடுக்கு, டைல்ஸ் மட்டத்தைவிட ஒரு நூல் பள்ளமாக இருப்பதால், துடைக்கும் அழுக்குத் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. தண்ணீர் காய்ந்த பிறகு உப்பும் மண்ணும் சோப்பும் அதிலேயே தங்கிவிடுகின்றன. சிமெண்டு கிரவுட் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருள் என்பதால், எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இவ்வளவும் இப்போது எனக்குத் தெரிகிறது. மூன்று வாரங்களுக்கு முன்னால் தெரிந்திருக்கவில்லை.

மகளுக்கு ஏழாம் மாதம். ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பை முடித்துவிட வேண்டும் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறோம். ஆனித் தேரோட்டத்துக்கு வருகிற உறவினர்களும் அப்படியே தங்கிவிட்டுப் போவார்கள். பந்திப் பாய் விரிக்கிற கூடத்தில் இப்படிக் கறுப்புக் கோடுகளோடு தரை கிடக்கிறதே என்ற ஒரே கவலையில், வீட்டுப் பராமரிப்பு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தேன். செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. வந்து பார்ப்பதற்கு மட்டும் 199 ரூபாய் என்று போட்டிருந்தது, கட்டினேன்.

சனிக்கிழமை காலையில் ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். செயலியின் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டிருந்தார். செருப்பை வாசற்படிக்கு வெளியே கழற்றிவிட்டு, கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். சுவரில் மாட்டியிருந்த எங்கள் பள்ளி ஆண்டு விழாப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சரா நீங்க? நானும் பாளையங்கோட்டையில படிச்சவன்தான் டீச்சர்" என்றார். என் தாயாருக்கு எழுபத்தாறு வயது, மூச்சிரைப்பு உண்டு. அவரை "ஆச்சி" என்று அழைத்து, காற்றுக் காலத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இதையெல்லாம் எழுதக் காரணம், நான் அவரை நம்பியது அந்தப் பத்து நிமிடங்களில்தான் என்பதே.

அதன் பிறகு அவர் செய்துகாட்டியதுதான் என்னை முழுவதுமாக நம்ப வைத்தது. சமையலறை வாசலுக்கு அருகே ஒன்றரை அடி நீளத்துக்கு ஓர் இடுக்கைத் தேர்ந்தெடுத்து, கூரான கருவியால் பழைய கிரவுட்டை ஆழமாகச் சுரண்டி எடுத்தார். தூரிகையால் தூசியைத் துடைத்தார். இரண்டு சிறிய டப்பாக்களிலிருந்து பிசின் போன்ற இரண்டு பொருள்களை எடுத்துக் குழைத்து, அதில் ஒரு பொடியையும் சேர்த்து, இடுக்கில் அழுத்தி நிரப்பி, ஈர ஸ்பாஞ்சால் வழித்துவிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் இது மேல மஞ்சப்பொடியைக் கரைச்சு ஊத்திப் பாருங்க டீச்சர், தொடச்சா கறை இருக்காது. இதுதான் எப்பாக்ஸி. நூறு தடவ ஊத்தினாலும் கறுக்காது" என்றார். மறுநாள் நான் மஞ்சளும் ஊற்றினேன், காபியும் ஊற்றினேன். இரண்டும் கறையில்லாமல் துடைத்த துணியோடு வந்துவிட்டன. அந்த ஒன்றரை அடி இன்றைக்கும் முத்துப் போல இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சதுர அடிக்கு 30 ரூபாய் வீதம் 18,000, தண்ணீர் ஊறாமல் இருக்க மேலே பூசுகிற சீலருக்கு 2,500, ஆக 20,500 ரூபாய் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். செயலி வழியாகப் பதிவு செய்தால் அவர்கள் கமிஷன் சேர்த்து 27,000 ரூபாய் வரும் என்றும், "நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள எதுக்கு டீச்சர்" என்றும் சொன்னார். நான் பிழை செய்த இடம் அதுதான். 12,000 ரூபாயை அன்றே, அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். தாளில் கடை முகவரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, எந்தப் பொருளைப் பயன்படுத்துவார்கள் என்ற குறிப்பும் இல்லை. "இடுக்கு வேலை" என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன.

அடுத்த சனிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் வேறு இரண்டு பையன்கள். அவர் வரவில்லை, இன்னொரு வீட்டில் வேலை நடப்பதாகவும் மாலையில் வருவதாகவும் சொன்னார்கள். செய்துகாட்டிய அன்று பார்த்த சுரண்டும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஆசிட் இருந்த இரண்டு கேன்களைக் கொண்டுவந்து, தண்ணீர் கூடக் கலக்காமல் இடுக்குகளில் அப்படியே ஊற்றினார்கள். நுரை பொங்கியது. அழுக்கு போகிறது என்று நினைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பொங்கியது அழுக்கு அல்ல, சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு. ஆசிட் அதைக் கரைத்துவிட்டு மணலை மட்டும் விட்டுவைக்கும் என்பதையும், அந்த வலுவிழந்த மணல்மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் முதல் நாள்தான் பாசிக்காக பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தோம். இவர்கள் கழுவிவிட்ட ஆசிட் தண்ணீர் அங்கே ஓடியதும் கண்ணையும் தொண்டையையும் கிழிக்கிற ஒரு நெடி கிளம்பியது. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். இரண்டு பையன்களும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அம்மாவால் மூச்சுவிட முடியவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைத்து, இன்ஹேலரை மூன்று முறை கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் அன்று வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடல் பதறுகிறது. நான் தொலைபேசியில் கேட்டதற்கு அந்த மனிதர் சொன்ன பதில்: "சன்னலத் தொறந்து வைங்க டீச்சர், கொஞ்ச நேரத்துல போயிரும்."

அந்த ஆசிட் புகை வேறு வேலைகளையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அலமாரியில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களில் துருப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் கால்கள் துருவேறிவிட்டன. சமையலறை வாசற்படியில் என் கணவர் ஆசையாகப் பதித்த கடப்பாக் கல் முழுவதும் சுண்ணாம்பு பூசியது போல வெளிறிவிட்டது. கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான் என்பதால் ஆசிட் அதையும் தின்றிருக்கிறது. 20,500 ரூபாய்க் கணக்கில் இவை எதையும் நான் சேர்க்கவில்லை.

இதற்கே நான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பாதி வேலையில் நிறுத்தினால் வளைகாப்புக்குள் முடியாதே என்ற பயத்தில் பொறுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை நான் பள்ளிக்குச் சென்றிருந்தபோது இடுக்கு நிரப்புகிற வேலை நடந்தது. பையன்கள் அம்மாவிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, பெயர் எழுதாத சாக்கிலிருந்து வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கரைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் என்ன தெரியும்? நான் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. அன்று அந்த மனிதரும் வந்திருந்தார். "பாருங்க டீச்சர், புது வீடு மாதிரி ஆயிட்டு" என்றார். மீதி 8,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன். மொத்தம் 20,500.

வியாழக்கிழமை முதல் முறையாகத் தரையைத் துடைத்தோம். வாளித் தண்ணீர் மோர் போல வெளுத்தது. துடைத்த இடமெல்லாம் வெள்ளைப் படலம் படிந்தது. சனிக்கிழமை பெருக்கும்போது துடைப்பத்தில் மாவு வந்தது. அடுத்த வாரத்துக்குள் நடு கூடத்தில் இடுக்குகள் மயிரிழையாக வெடித்து, விரல் நகத்தால் நெம்பினால் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தன. உள்ளே பழைய கறுப்பு கிரவுட் அப்படியே இருந்தது. சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே தாளின் கனத்துக்கு எதையோ தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் முறை தொலைபேசியில் அழைத்தபோது, "இப்போ சாரல் சீசன்லா டீச்சர், காத்துல ஈரம் இருக்கு, அதான் காயல" என்றார். சாரல் அடிப்பது குற்றாலத்தில். பாளையங்கோட்டையில் ஒரு துளி கூட விழவில்லை. கொடியில் போட்ட சேலை அரைமணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அதைச் சொன்னேன். "ஒரு வாரம் பொறுங்க, செட் ஆயிரும்" என்றார். பொறுத்தேன்.

இரண்டாவது முறை அழைத்தபோது பழி எங்கள் மேல் திரும்பியது. "ஏன் டீச்சர் அதுக்குள்ள மாப் போட்டிய? இருபத்தெட்டு நாளைக்குத் தண்ணி படாம வச்சிருக்கணும்லா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் அவர் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டார். எப்பாக்ஸி கிரவுட்டின் மேல் ஒரு நாளில் நடக்கலாம். ஒரு வாரத்தில் அது முழுமையாக இறுகிவிடும். 28 நாள் கணக்கு சிமெண்டுக்கு உரியது. கட்டட வேலை நடக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அவர் சொன்ன அந்த நேரத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. தண்ணீர் பட்டது நம் பிழைதானோ என்று இரண்டு நாள் மனம் நொந்து கிடந்தேன். அந்த இரண்டு நாள்களுக்காகவும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

மூன்றாவது முறை தென்காசியில் வேலையில் இருப்பதாகச் சொன்னார். நான்காவது முறை வேறு யாரோ எடுத்து, "அண்ணன் குளிக்கப் போயிருக்காங்க" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் கைப்பேசியிலிருந்து அழைத்ததும் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் துண்டித்தார்.

செயலி நிறுவனம் இவரைவிட மேலாக இருக்கும் என்று நம்பினேன். மூன்று நாள்கள் எழுத்து வழியாகவே பேசவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து நடந்ததை முதலிலிருந்து கேட்டார். படங்களைக் கேட்டார்கள், பதினொரு படங்கள் அனுப்பினேன். இறுதியில் ஒரு பெண் பேசினார். எங்கள் கணக்கில் பதிவாகியிருப்பது "ஆய்வு வருகை" மட்டுமே என்றும், வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும், அந்த 199 ரூபாயை மட்டும் அடுத்த பதிவுக்குக் கழிவாகத் தருவதாகவும் சொன்னார். உங்கள் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவர், நீங்கள் அனுப்பிய நேரத்தில் வந்தவர், என் வீட்டுக்குள் நீங்கள் விட்டுவிட்டுப் போன மனிதர் அவர் என்று நான் சொன்னதற்கு, "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்று பதில் வந்தது. 20,500 ரூபாயை இழந்தவளுக்கு 199 ரூபாய்க்குக் கழிவுச் சீட்டு.

நேற்று மாலை, 2011-இல் எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் பதித்த கொத்தனார் அண்ணாச்சியை முன்னீர்பள்ளத்திலிருந்து வரவழைத்தேன். முதலிலேயே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். கூடத்து இடுக்கில் இரண்டு சொட்டுப் பிழிந்தார். பொட்டுப் பொட்டாக நுரைத்தது. சமையலறை வாசலில் அந்த ஒன்றரை அடியிலும் பிழிந்தார்; ஒன்றுமே நடக்கவில்லை. "இது மட்டும்தான் டீச்சர் எப்பாக்ஸி. மத்ததெல்லாம் வெள்ளைச் சிமெண்டுல கலர்ப் பொடியக் கலந்து தேச்சிட்டுப் போயிருக்கானுவ" என்றார். பிறகு கணக்கும் சொன்னார். 150 டைல்ஸ், ஒரு டைல்ஸுக்கு நான்கடி வீதம் 600 அடி இடுக்கு. ஓரடிக்கு 34 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன், கிலோ நூறு ரூபாயைத் தாண்டாத ஒரு பொடிக்காக. சீலர் பூசியிருந்தால் தண்ணீர்த் துளி இடுக்கின் மேல் முத்தாக நிற்க வேண்டும் என்று அதையும் விட்டுப் பார்த்தார், விட்டவுடன் உறிஞ்சிக்கொண்டது. அந்த 2,500 ரூபாய்க்கு எதுவுமே பூசவில்லை.

அண்ணாச்சி சொன்ன இன்னொன்றும் மனத்தை அறுக்கிறது. கூடத்து இடுக்குகள் பெரும்பாலும் அழுக்கேறியவைதானாம், கெட்டுப் போனவை அல்லவாம். கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பழைய தந்த நிறம் தெரிந்தது. வெந்நீரில் சோடா மாவைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உடனே துணியால் ஒற்றி எடுத்திருந்தாலே கூடம் சரியாகியிருக்கும் என்றார். சமையலறையில் மட்டும் பழைய கிரவுட்டை மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்பியிருந்தால் போதுமாம். ஆசிட் ஊற்றிக் கெடுத்துவிட்ட பிறகு இப்போது முழு 600 அடியையும் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நேரமில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செயலி வழியாக வருகிறவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் செயலிக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள். எப்பாக்ஸி என்றால் பிசின், அதை இறுகவைக்கும் பொருள், பொடி என்று தனித்தனியாக வரும்; முத்திரை பிரிக்காத டப்பாக்களை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பொடியை வாளித் தண்ணீரில் கரைக்கிறார்கள் என்றால் அது சிமெண்டுதான், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். ஆசிட்டை வீட்டுக்குள் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கிற இடத்தில் ஒருபோதும் விடாதீர்கள். எலுமிச்சைச் சாறும் தண்ணீர்த் துளியும் வைத்துப் பார்த்த பிறகே மீதிப் பணம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய விவரம், அந்தத் தாள், படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். நான் திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகிறேன். இதே ஆளிடம் நீங்களும் பணம் கொடுத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.

அண்ணாச்சி சுரண்டும் கருவியோடு வாசலில் வந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. கூடத்துச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டாக வேண்டும்.